முந்திப் பறித்த திராட்சை

நீங்கள் அதற்கு ‘முந்திப் பறிப்பு’ என்று பெயரே வைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். திராட்சை முழுசாகப் பழுப்பதற்குள், புளிப்பு இருக்கும்போதே பறித்துவிட வேண்டும், அப்போதுதான் நம் வெயிலில் விளைந்த வைன் சப்பென்று போகாது, இந்த முறையைக் கண்டுபிடித்தது மண்டோர் அக்கா என்று தோட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்களாம். அந்த மண்டோர் அக்கா நான்தான். வேலையை விட்டுவிட்டு வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பவளை விஞ்ஞானியாக்கிவிட்டீர்கள், சந்தோஷம். ஆனால் பிள்ளைகளே, நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பருவம் முழுக்க எனக்கு மண்டை குழம்பித்தான் கிடந்தது. இன்றைக்கும் முழுசாகத் தெளிந்தபாடில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அதை முறை என்று சொல்லலாமா என்று நீங்களே பாருங்கள்.

நான் ரப்பர்த் தோட்டத்து ஆள். சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டி, பிறகு அதே தோட்டத்தில் வெட்டுக்காரர்களை மேய்க்கிற மண்டோர் ஆனவள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். அந்தத் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு துண்டு நிலத்தை நம் முதலாளி வாங்கினார். அவர் குடும்பம் செட்டிநாட்டிலிருந்து வந்து தலைமுறையாக ஈப்போவில் இருக்கிறது. அவர் டவுனில் கணக்குத் தணிக்கை செய்கிறவர். வெளிநாடு போன இடத்தில் திராட்சைத் தோட்டம் பார்த்து மயங்கிவிட்டார். ஆள் நடத்தத் தெரிந்தவள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். திராட்சையைப் பற்றித் தெரியுமா என்று கேட்டதற்கு, அர்ச்சனைத் தட்டில் பார்த்திருக்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். பிறகுதான் தெரிந்தது, அவருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் தெரியும் என்று.

கொடியை எப்படி வெட்டுவது, எப்போது தளிர் வரும், பூ எப்படிக் காயாகும் என்பதெல்லாம் உங்களுக்குப் பாடமாகவே இருக்கிறது, அதை விடுகிறேன். ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள். நம் ஊரில் இந்தக் கொடி தூங்குவதே இல்லை. குளிர் வந்தால் ஓய்வு, வெயில் வந்தால் தளிர் என்று அதற்கு யாரும் சொல்வதில்லை. நாம் கத்தரிக்கோலை வைக்கிற நாளில் பருவம் ஆரம்பிக்கிறது. அதனால் எது நடந்தாலும் பழியும் நம் மேல்தான்.

முதல் காய்ப்பு மழையில் அழுகியது. அடுத்ததில் பறவைகள் பாதியைத் தின்றன. அதற்கடுத்தது நன்றாகப் பழுத்தது, ஆனால் பினாங்கிலிருந்து வந்து நமக்கு வைன் போட்டுக் கொடுக்கிற மனிதர், நாங்கள் வைன்காரர் என்போம், அதை ஒரு மடக்குக் குடித்துவிட்டு வாசலில் போய்த் துப்பினார். இனிப்புத் தண்ணீர் மாதிரி இருக்கிறதாம். முதலாளி கெட்டவர் இல்லை. ஆனாலும் அவர் கையைச் சுட்டுக்கொண்டது போதும் என்று நினைத்திருக்க வேண்டும். எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார். இந்தத் தடவை ஒரு தொட்டியாவது நல்ல வைன் வர வேண்டும், இல்லையென்றால் கொடியைப் பிடுங்கிவிட்டு டுரியான் நடப்போகிறார். டுரியான் கன்றுக்கு ஒரு ஆள் போதும், அதுவும் எப்போதாவது. நாங்கள் அத்தனை பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மற்றவர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள். எனக்குச் சரசுவைப் பற்றித்தான் கவலை. சரஸ்வதி ஈப்போவில், சிலிபின் பக்கம் ஒரு பேரங்காடியில் வேலை செய்துகொண்டிருந்தவள். அவள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. வீடு பழைய தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்று, நம் கொடிக்கு நடந்து போகிற தூரத்தில். நான்தான் இங்கே வா என்று கூப்பிட்டேன். மதியம் ஆனால் கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் போவாள். அம்மாவுக்கு ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்து, துணி மாற்றிவிட்டு வருவாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே அவள் இந்த வேலையில் இருந்தாள். டவுனில் எந்த வேலைக்குப் போனாலும் அது கிடைக்காது. கொடி போனால் அவளுக்கு அம்மாவைப் பார்த்துக்கொள்கிற வழியும் போய்விடும். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தத் தடவை காய் அருமையாகப் பிடித்தது. கொத்துகள் நிறம் மாறி, பறிப்புக்குச் சில வாரங்கள்தான் இருந்தன. தைப்பூசம் முடிந்திருந்தது. அப்போது கொடியின் அடி இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின.

இந்த இடத்தில்தான் நாங்கள் ரப்பர்காரர்கள் என்பது வேலையைக் காட்டியது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்க்காரர் இன்னும் கொஞ்சம் ரப்பர் வைத்திருக்கிறார், பார்த்திருப்பீர்கள். அதுவும் அப்போது இலையைக் கொட்டிக்கொண்டிருந்தது. ரப்பரில் வளர்ந்தவர்களுக்கு இலை உதிர்வது நோய் இல்லை. வருஷா வருஷம் அந்த மாதங்களில் இலை சிவந்து கொட்டும், பால் குறையும், வெட்டைக் கொஞ்ச நாள் நிறுத்துவோம், பிறகு புதுத் தளிர் வரும். அதற்காக யாரும் மருந்துக் கடைக்கு ஓடியதில்லை. அதனால் கொடியும் கொட்டுகிறது என்று பார்த்தபோது எங்களில் ஒருத்திக்கும் பகீரென்று இல்லை. கொடியும் நம்மைப் போலத் தோட்டத்து ஆளாகிவிட்டது என்று சரசு கேலி செய்தாள். முதலாளியிடம் சொன்னேன். அவரும் குளிர் நாட்டில் கொடி இலையை உதிர்க்கும் என்று படித்திருக்கிறார், நல்லதுதான் என்றார். அவர் படிப்பும் எங்கள் பழக்கமும் அதிசயமாக ஒத்துப்போயின. இரண்டுமே தப்பு.

எனக்கு என்னவோ உறுத்திக்கொண்டே இருந்தது. குளிர் நாட்டில் பழத்தைப் பறித்த பிறகல்லவா இலை உதிரும்? இங்கே கொத்து தொங்கிக்கொண்டிருக்கிறதே? ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் மஞ்சள்தூள் கொட்டியதுபோல இருந்தது, தொட்டால் விரலில் ஒட்டியது. பக்கத்தில் பம்பளிமாஸ் தோட்டம் வைத்திருக்கும் சீனத் தௌகேயிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, “இனி காராட் லா” என்றார். துரு. இரும்பில் பிடிக்கிற மாதிரியே இலையில் பிடிக்கிற பூசணம். அவர் வீட்டு வாசலிலும் ஒரு திராட்சைக் கொடி இருந்ததாம், அதற்கும் இதே நோய் வந்ததாம். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஆவலாகக் கேட்டேன். கொடியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் காரை நிறுத்துகிறாராம்.

நோய் என்னவென்று தெரிந்துவிட்டால் குழப்பம் தீரும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்குப் பிறகுதான் அசல் குழப்பமே ஆரம்பித்தது. முன்பே தெரிந்திருந்தால் மருந்து அடித்திருக்கலாம். பறிப்பு நெருங்கிய பழத்தில் அடிக்க முடியாது. இலை இல்லாமல் பழத்தில் சர்க்கரை ஏறாது. அப்படியென்றால் காத்திருந்து என்ன பயன்? ஆனால் இன்னும் கொஞ்சம் இலை மிச்சம் இருக்கிறதே, அது ஏற்றாதா? ஏற்றுவதற்குள் மழை வந்துவிட்டால்? இப்போதே பறித்தால் புளிக்கும். புளித்த பழத்தில் வைன் போட்டால் வைன்காரர் மறுபடி வாசலுக்குப் போவாரே?

முதலாளி அப்போது காரைக்குடியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். கூப்பிட்டபோது பின்னால் நாதஸ்வரம் கேட்டது. பாவம், பந்தியிலிருந்து எழுந்து வந்து பேசினார். அவர் யார் யாரையோ விசாரித்துவிட்டு, ஒருவர் பறி என்கிறார், ஒருவர் காத்திரு என்கிறார் என்றார். வைன்காரரைக் கூப்பிட்டேன். இன்னும் சர்க்கரை ஏற வேண்டும், பொறுங்கள் என்றார். இலை போய்க்கொண்டிருக்கிறது என்றேன். இலை இல்லாத கொடியில் பழுக்க வைத்து எனக்குப் பழக்கமில்லை என்றார். நேர்மையான மனிதர். கடைசியில் முதலாளியே என் தலையில் கட்டினார்.

“நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க அக்கா. நீங்க பாத்து முடிவு பண்ணுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

ஒன்றும் சொல்லமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் நமக்குத் தூக்கம் போய்விடுகிறது. மறுநாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்க எல்லோரும் வரிசையாக நின்றபோது உள்ளதைச் சொல்லிவிட்டேன். காத்திருப்பதா பறிப்பதா, எனக்குத் தெரியவில்லை. ரப்பரில் எந்த மண்டோரும் பெரட்டில் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சரசுவுக்குத்தான் கோபம் வந்தது.

“உங்களுக்கே தெரியலன்னா நாங்க யார்கிட்டக்கா கேக்கறது? என்னைக் கேட்டா, காத்திருக்கலாம். நேத்து சர்க்கரை பாக்கிற கருவியில கொஞ்சம் ஏறியிருக்குலா. பாத்தேன்ல.”

ஏறியிருந்தது உண்மைதான். அவள் சொன்னதில் தப்பில்லை. நிரை நிரையாக நடந்தேன். ஒரு நிரையில் இலை இருக்கிறது, காத்திருக்கலாம் என்று தோன்றும். அடுத்த நிரையில் கொத்து அம்மணமாக வெயிலில் காய்ந்து ஓரத்தில் சுருங்குகிறது, ஐயோ இன்றைக்கே என்று தோன்றும். ஒரு பழத்தை வாயில் போட்டால் புளிக்கிறது, இன்னொன்று இனிக்கிறது. கொட்டையைக் கடித்துப் பார்த்தேன், பாதி பழுப்பு, பாதி பச்சை. நல்ல முடிவு எடுக்கிறவர்களுக்கு மனசில் ஒரு மணி அடிக்கும் என்று சொல்கிறார்கள். எனக்கு ஒரு மணியும் அடிக்கவில்லை.

அன்று மதியத்துக்கு முன்னால் மலைப் பக்கம் மேகம் திரண்டது. நம் சுண்ணாம்பு மலைக்குப் பின்னால் கருகருவென்று ஏறி, ஒரு இடி இடித்தது. என் வாய் தானாகச் சொன்னது:

“எடுங்க. எல்லாத்தையும் எடுங்க.”

இதை நீங்கள் புரிந்துகொள்ள ரப்பரில் இருந்திருக்க வேண்டும். விடியற்காலையில் மரம் வெட்டினால் பால் சொட்டுச் சொட்டாக மங்கில் இறங்கிக்கொண்டிருக்கும். அதுதான் மரத்தில் கட்டியிருக்கும் கோப்பை. அது நிறைகிற வரை காத்திருந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் மேகம் கறுத்துவிட்டால் மண்டோர் ‘எடுங்க’ என்று கத்துவான். அரைக் கோப்பையோ கால் கோப்பையோ, ஓடி ஓடி எடுக்க வேண்டும். மழைத் தண்ணீர் விழுந்தால் பால் வழிந்து மண்ணோடு போய்விடும், அன்றைக்கு வெட்டியது வீண். நான் பதினாறு வயதிலிருந்து அப்படி ஓடியவள், பிறகு அப்படிக் கத்தியவள். அன்றைக்குத் திராட்சையைப் பற்றி முடிவெடுத்தது நான் இல்லை. இடிச் சத்தத்துக்கு என் உடம்பு பதில் சொன்னது. அந்தச் சொல்லைக் கேட்டதும் அத்தனை பெண்களும் கூடையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார்கள். அவர்களும் ரப்பர்தானே. காத்திருக்கலாம் என்று வாதாடிய சரசுவும் ஓடினாள். ஓடிப் போய் இரண்டு கொத்து வெட்டிய பிறகுதான் நின்று, திரும்பி என்னைப் பார்த்தாள். கை மட்டும் நிற்கவில்லை. அன்று மதியம் அவள் வீட்டுக்குக்கூடத் தாமதமாகத்தான் போனாள்.

ஒரு வித்தியாசத்தை நான் மறந்துபோனேன். ரப்பரில் அரைக் கோப்பை எடுத்தாலும் அடுத்த வெட்டுக்கு மரம் மறுபடி பால் தரும். கொடி ஒரு பருவத்துக்கு ஒரு தடவைதான் தரும்.

சாயங்காலம் கடைசிக் கூடை உள்ளே போனபோது மேகம் அப்படியே நகர்ந்து வடக்கே போய்விட்டது. ஒரு சொட்டு விழவில்லை. மறுநாள் வெயில். அதற்கு மறுநாளும் வெயில். அந்த மாசி முழுக்க மழை என்பதே இல்லை. தினமும் காலையில் எழுந்து வானத்தைப் பார்த்துத் திட்டினேன். பக்கத்து வீட்டில் துணி காயப்போடுகிறவர்களைப் பார்த்தால்கூட எரிச்சலாக வந்தது. எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்தது.

சாறு பல் கூசுகிற புளிப்பு. வைன்காரர் வந்து வாயில் வைத்துவிட்டு, சரி, போட்டுப் பார்ப்போம் என்றார். டாக்டர்கள் அப்படிப் பேசுவார்கள். முதலாளி காரைக்குடியிலிருந்து திரும்பி வந்து மொட்டைக் கொடியைப் பார்த்தார். வாக்குக் கொடுத்தபடி ஒன்றும் சொல்லவில்லை. கல்யாண வீட்டுப் பலகாரத்தை எல்லோருக்கும் கொடுத்துவிட்டுப் போனார். ஒருநாள் ஒரு ஆள் வந்து டுரியானுக்கு நிலத்தை அளந்து பார்த்தான். எல்லாம் முடிந்தது என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் கொடியைக் கட்டிக்கொண்டும் களை பிடுங்கிக்கொண்டும் இருந்தோம், எதற்கென்று தெரியாமல். சரசு என்னோடு பேசுவதில்லை. கேட்டால் பதில் சொல்வாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் சண்டையே போட்டிருப்பேன்.

தொட்டியில் நுரை அடங்கித் தெளிந்த பிறகு வைன்காரர் மறுபடி வந்தார். நான் வாசற்படிக்கு வழி விட்டே நின்றேன். அவர் குடித்தார், துப்பவில்லை. இன்னொரு மடக்குக் குடித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். இந்த வெயிலில் பழம் முற்றினால் புளிப்பு செத்துவிடுகிறது, போன தடவை நடந்தது அதுதான், இந்தத் தடவை சரியான நேரத்தில் பறித்திருக்கிறீர்கள் என்றார். முதலாளி அவசரமாக டவுனிலிருந்து வந்து, அவரும் குடித்துப் பார்த்தார். கொடி இருக்கட்டும் என்றார். டுரியான் பேச்சை எடுக்கவே இல்லை.

“இனிமே ஒவ்வொரு வாட்டியும் இப்படியே செய்யலாம்கா” என்றார்.

எதை என்று கேட்க நினைத்தேன். துருவையா? இடியையா? நோய் வந்த இலையை நோயில்லை என்று நினைத்ததையா? சரி என்று தலையை ஆட்டினேன். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். உங்கள் ‘முந்திப் பறிப்பு’ பிறந்தது அங்கேதான். அங்கேயே கதையை நிறுத்தினால் நீங்கள் சொல்லிக்கொடுப்பது சரியாகத்தான் இருக்கும்.

நான் கடைசி நிரைக்கு ஓடினேன். சரசு தளிரைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன், வைன் நன்றாக வந்துவிட்டது, கொடியை எடுக்கப்போவதில்லை, வேலை இருக்கிறது. அவள் கை நின்றது. நல்லது அக்கா என்றாள். அவ்வளவுதான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மதியம் ஆகப்போகிறது, முன்னாடியே வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டு வா என்றேன்.

“அம்மா இங்க இல்லக்கா. ஞாயித்துக்கிழமை அண்ணன் வந்து ஆயர் தாவாருல அவரு வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு.”

எனக்கு முதலில் புரியவில்லை. அவளே சொன்னாள். கொடி போய்விடும் என்று நினைத்து ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாளாம். ஷிப்டுக்குப் போனால் அம்மாவைப் பார்க்க ஆள் இல்லை. அதனால் அண்ணனுக்கு அவள்தான் போன் போட்டு வரச்சொன்னாளாம். என்னோடுதான் பேச்சு இல்லையே, எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு போன் போட்டால் போகிறது, திரும்பக் கூட்டி வந்துவிடலாம் என்றேன். நானே கார் பிடித்துப் போய் அழைத்து வருகிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

“அண்ணி நல்லா பாத்துக்கிறாங்கக்கா. அங்க ஆளுங்க இருந்துகிட்டே இருக்காங்க, பிள்ளைங்க இருக்கு. அம்மா வலது கைய கொஞ்சம் அசைக்குதாம். இங்க நான் போற வரைக்கும் தனியாத்தானே கிடந்துச்சு. இப்ப திரும்பக் கூப்பிட்டா, அது எனக்காகத்தான்.”

அவளும் மேகத்தைப் பார்த்திருக்கிறாள், அவளும் மழைக்கு முன்னால் எடுத்துவிட்டாள். மழைதான் வரவில்லை. நான் செய்ததற்கு நீங்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறீர்கள். அவள் செய்ததற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அம்மாவுக்கு அது நல்லதா கெட்டதா என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் சொல்கிறேன், கொத்தை எப்போது பறிப்பது என்று என் பெயரைச் சொல்லி யாருக்கும் பாடம் எடுக்காதீர்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று பெரட்டில் சொல்லுங்கள். சொன்னதால் எனக்கு ஒன்றும் விளங்கிவிடவில்லை, இருந்தாலும் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கிறவள் வீட்டில் என்ன நடக்கிறது என்றும் கேளுங்கள். நான் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அவள் பக்கத்தில் நின்று ஒரு தளிரைப் பிடித்துக்கொடுத்தேன். அவள் கட்டினாள். அப்படியே அந்த நிரை முடிந்தது.

“வேலை இருக்குக்கா, நல்லதுதான்” என்றாள் கடைசியாக. “மதியத்துல எங்க போறதுன்னுதான் தெரியல.”

மதியம் ஆனதும் எல்லோரும் சாப்பாட்டு டப்பாவோடு நிழலுக்குப் போனார்கள். சரசு கத்தரிக்கோலை வைத்துவிட்டு, வழக்கம்போல லயத்துப் பக்கம் நடந்தாள். வழக்கமான நேரத்துக்கே திரும்பி வந்து கயிற்றை எடுத்தாள்.